கோமளா காம்பவுண்டு கெட்டுப்போன கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையின் எடை மேடையில் ஆதிகேசவனுக்கு இருபத்தாறு வருஷமாக வேலை. எளாவூர்ப் பக்கமிருந்து பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு வரும் லாரிகள் மேடையில் வந்து நிற்கும். அவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடியே எடையைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்த வேலையில் பேச்சுக்கு இடம் கிடையாது. காலையிலிருந்து சேர்ந்த பேச்சையெல்லாம் மதியம் ஒரு மணிக்கு கேன்டீனில்தான் கொட்டித் தீர்ப்பார்.

ஒரு மணிக்கு கேன்டீன் டிவியில் 'கோமளா காம்பவுண்டு' மறு ஒளிபரப்பாகும். ஆறு குடித்தனம், ஒரு தண்ணீர்க் குழாய், கோமளா என்று ஒரு வீட்டுக்காரம்மாள், வாயைத் திறந்தால் பொய்யாகவே பேசும் புருஷோத்தமன் என்று ஒரு குடித்தனக்காரன். பதினான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் நகைச்சுவைத் தொடர். சோற்றுத் தட்டோடு நாற்பது பேர் அண்ணாந்து பார்த்துச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அந்த நாற்பது பேரில் ஆதிகேசவனுக்கு நெருக்கமானவர் யேசுதாஸ். கம்பி வெட்டும் இயந்திரத்தில் வேலை. சூடான கம்பி வந்து விழும் சத்தமும் வெட்டும் சத்தமுமாக, அந்தக் கூடத்துக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

தொடர் ஆறு வருஷம் ஓடியபின் புருஷோத்தமனாக நடித்தவர் விலகிவிட்டார். வேறொருவர் வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. பாதிப் பேர் தொடர் செத்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர் புது ஆளும் நன்றாகத்தான் செய்கிறான் என்றார்கள். நாளாக ஆக மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது. ஆதிகேசவனும் யேசுதாசும் மட்டும் விடவில்லை.

"இன்னாத்துக்கு இன்னும் இத்த ஓட்டிக்கினு கீறானுங்க? ஊத்தி மூடிட்டுப் போவலாம்ல?" என்பார் யேசுதாஸ்.

"நீதான் டெய்லி மொத ஆளா வந்து குந்திக்கினு பாக்குற. கெட்டுப்போனத எவனாச்சும் மூணு வருசம் துன்னுவானா?" என்பார் ஆதிகேசவன்.

முதலில் புது நடிகனைப் பிடிக்கவில்லை என்றுதான் யேசுதாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தப் புகார் மாறியது. எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்களாம். முணுமுணுக்கிறார்களாம். "பழைய ஆளுங்க வாயத் தொறந்து கணீர்னு பேசுவாங்க. இவனுங்க வெத்தலைய அதக்கிக்கினு பேசுற மாதிரி கீது" என்று ஓயாமல் சொல்வார். ஆதிகேசவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. வேறு யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. வாதத்தில் தோற்றவன் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. டிவியில் புருஷோத்தமன் ஏதோ சொல்ல, கேன்டீனே சிரித்தது. எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் யேசுதாஸ் சிரித்தார். ஆதிகேசவன் கவனித்துவிட்டார்.

"இன்னா தாசு, லேட்டா சிரிக்கிற? அவன் இன்னா சொன்னான், சொல்லு பாக்கலாம்."

யேசுதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அத்த உடு" என்றார்.

"இல்ல, நீ சொல்லு. எல்லாரும் கேக்குறோம்ல?"

யேசுதாஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆதிகேசவன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா? ஜோக்கு புரியாதவனுக்கு எல்லாமே மொக்கையாத்தான் தெரியும். சீரியல் ஒண்ணும் கெட்டுப்போவல. இவன் மண்டைதான் கெட்டுப்போச்சு" என்றார்.

டிவிக்குச் சிரித்ததைவிட அதிகமாக எல்லோரும் சிரித்தார்கள். யேசுதாஸ் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து டிபன் பாக்சை இயந்திரக் கூடத்தின் பின்புறம் கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிட்டார். நாலு நாளில் சரியாகிவிடும் என்று ஆதிகேசவன் இருந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து யேசுதாஸ் வேலையை விட்டு நின்று, மனைவி சின்னப்பொண்ணின் ஊரான திருப்பாச்சூருக்கே போய்விட்டார் என்று கேட்டில் இருந்த வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. போகும்போது எடை மேடைப் பக்கம் அவர் வரவில்லை.

அடுத்த வருஷம் ஆதிகேசவனின் மனைவி புவனேஸ்வரி, மகள் ரோஜாவின் பிரசவத்துக்காக ஓசூர் போனாள். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவள், மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்று அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று வருஷமாகிறது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம். கொயந்த இழுக்குது, வெச்சிடறேன்."

கேன்டீனும் பழைய கேன்டீனாக இல்லை. நிரந்தர ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒப்பந்தப் பையன்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். டிவி ரிப்பேரானபோது அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆதிகேசவன் சாயங்காலம் ஏழரைக்கு வீட்டிலேயே தொடரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேச ஆளில்லாமல், 'காம்பவுண்டுவாசிகள்' என்று போனில் ஒரு ரசிகர் குழுவில் சேர்ந்தார். முந்நூறு பேர் இருந்தார்கள். முகம் தெரியாது. கேன்டீனில் நடந்த சண்டையேதான் அங்கேயும். தொடர் எந்த வருஷத்தில் கெட்டது, யாரால் கெட்டது, கெட்டதா இல்லையா. அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிப் பதில் போடுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். 'அங்கிள் இப்பதான் எழுந்திருக்காரு' என்று யாராவது எழுதுவார்கள். அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் படம் போடுவார்கள். அப்படியும் அவர் விலகவில்லை. வீட்டில் அவருக்குப் பதில் வந்த இடம் அது ஒன்றுதான்.

போன ஆடி மாதம், குழுவை நடத்தும் பரணிதரன் என்பவர் இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று ஒரு சோதனை வைத்தார். எல்லோரும் கொண்டாடும் பழைய பல்செட்டு எபிசோடையும், இந்த வாரம் வந்த எபிசோடையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை இடத்தில் சிரிப்பு வந்தது என்று நேர்மையாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆதிகேசவன் பாயை விரித்துப் போனைத் தலையணையில் சாய்த்துவைத்துப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவரின் பல்செட்டை புருஷோத்தமன் மாற்றி வைத்துவிடுகிற கதை. முதல் முறை கேன்டீனில் பார்த்தபோது யேசுதாசுக்குப் புரையேறி, மோரெல்லாம் மூக்கில் வந்து, நான்கு பேர் அவர் தலையில் தட்டினார்கள். இப்போது அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு வசனமும் தெரிந்திருந்தது. இதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். வந்தது, போனது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

கலங்கிப்போனார். புதியதைப் போட்டார். அதிலும் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். புது நடிகர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. பழையவர்களைவிடத் தெளிவாகப் பேசினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் கேட்கும். அப்புறம் ஏன் யேசுதாஸ் வருஷக்கணக்கில் அதையே சொன்னார்?

போனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கேன்டீனில் யேசுதாஸ் எப்போதும் டிவிக்கு நேர் கீழேயுள்ள பெஞ்சைப் பிடிப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், தோளைத் தொட்டால்தான் திரும்புவார். பேசுகிறவரின் வாயையே உற்றுப் பார்ப்பார். எல்லோரும் சிரிக்கிறார்களா என்று முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். இருபத்திரண்டு வருஷம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆள். ஆதிகேசவன் இருந்ததோ கண்ணாடி அறைக்குள். 'அவன் இன்னா சொன்னான், சொல்லு பாக்கலாம்' என்று நாற்பது பேர் முன்னால் தான் கேட்டது அவருக்குத் திரும்பவும் காதில் விழுந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். 

பழைய நம்பரைத் தேடிப் போட்டார். எடுத்தது சின்னப்பொண்ணு.

"ஆதிண்ணாவா? எவ்ளோ நாளாச்சு! அவரு இங்கதான் குந்திக்கினு கீறாரு. போன்ல பேசுனா அவருக்குக் கேக்காதுண்ணா. இன்னா சேதி, சொல்லு, நான் சொல்றேன்."

"நேர்ல வரேம்மா" என்றார் ஆதிகேசவன்.

அடுத்த ஞாயிறு காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, பெரியபாளையத்தில் மாறி, திருவள்ளூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். தனியாக உட்காரவைத்து, கையைப் பிடித்து, தணிந்த குரலில் நாலே வார்த்தை.

யேசுதாஸ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். ஆதிகேசவனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கைபோட்டுக்கொண்டார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. சின்னப்பொண்ணு இன்னொரு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தேநீர் வைக்க உள்ளே போனாள்.

"தாசு, அன்னிக்கி நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது" என்றார் ஆதிகேசவன், தணிந்த குரலில்.

"இன்னா?"

"அன்னிக்கி கேன்டீன்ல. தப்பாப் பேசிட்டேன்."

"இன்னா சொல்ற?"

ஆதிகேசவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பாப் பேசிட்டேன் தாசு! மனசுல வெச்சிக்காத!" என்று கத்தினார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். தெருவில் போன சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டுப் போனார்.

யேசுதாசின் வாயோரம் அசைந்தது. "மொத தபாவே வாயப் பாத்துப் புரிஞ்சிக்கினேன். ஊரே கேக்கட்டுமேன்னுதான் உட்டேன்."

ஆதிகேசவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று வாயைப் பெரிதாகத் திறந்து கேட்டார்.

"சொன்னா? மெசின்ல நிக்கறவனுக்குக் காது கேக்கலன்னா உக்கார வெச்சிருவானுங்க. வருசா வருசம் காது டெஸ்ட்டு எடுப்பான்ல, அவன் பட்டன அமுக்குற கையப் பாத்து வெரலத் தூக்குவேன். கடைசி வருசம் அவன் நடுவுல ஒரு தட்டிய வெச்சு மறைச்சிட்டான். மாட்டிக்கினேன். அவனுங்களா அனுப்புறதுக்கு முன்ன நானே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சர்க்கார் ஆஸ்பத்திரியில் காதுக் கருவி கொடுத்திருந்தார்கள். மாட்டினால் பாத்திரம் விழுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை என்று அலமாரியில் வைத்துவிட்டாராம். சின்னப்பொண்ணு தேநீரைக் கொடுத்துவிட்டு, "நீயாச்சும் சொல்லுண்ணா, மாட்ட மாட்டேங்கறாரு. நாள் பூராக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு. இப்பல்லாம் பேசறதயே உட்டுட்டேன்" என்றாள். அவள் சொன்னது யேசுதாசுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. கோவில் பக்கம் போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சநேரம் கழித்து அவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கேசவா, நெஜமா சொல்லு. கோமளா காம்பவுண்டு கெட்டுத்தான் போச்சா? இல்ல, நீ சொன்னதுதான் சரியா? எனக்கு ஏழெட்டு வருசமா ஒண்ணியும் கேக்கல. பாத்துக்கினு மட்டும்தான் இருந்தேன்."

ஆதிகேசவன் யோசித்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் இந்த மனிதர் இழந்தது இன்னும் பெரிதாகிவிடும். கெட்டுவிட்டது என்று சொன்னால் பொய்.

"தெரியல தாசு" என்றார். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பல்செட்டு எபிசோடைப் பார்த்ததை, சிரிப்பே வராததை, புவனா ஊரில் இல்லாததை, கேன்டீனில் டிவி ரிப்பேரானதை, போனில் முந்நூறு பேர் இருந்தும் ஒருவருக்கும் தன் பெயர் தெரியாததை எல்லாம் சொன்னார். மூன்று வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. பேசப் பேச அவர் குரல் தானாகத் தாழ்ந்துபோயிருந்தது. தலையும் குனிந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது யேசுதாஸ் தலையை ஆட்டிக்கொண்டு, புன்னகையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையும் போய்ச் சேரவில்லை என்று ஆதிகேசவனுக்குப் புரிந்தது. அவர் திரும்பவும் சொல்லவில்லை. பதிலுக்குப் புன்னகைத்துவிட்டு, ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

மத்தியானம் கறிச்சோறு போட்டு அனுப்பினார்கள். அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் திருப்பாச்சூர் போய் வருகிறார். கருவியை மாட்டிப் பழகச் சொல்லி யேசுதாசை ஓரளவு வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அரைமணி நேரம் மாட்டிக்கொண்டிருப்பார், பேஜாராக இருக்கிறது என்று கழற்றிவிடுவார். அந்த அரைமணிக்குள் முக்கியமானதை மட்டும் பேசிக்கொள்வார்கள். மீதி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார்கள். ரசிகர் குழுவில் சோதனையின் முடிவை அவர் எழுதவில்லை. அவர் எழுதாததை யாரும் கேட்கவுமில்லை.

வருகிற மே மாதத்தோடு ஆதிகேசவனுக்கு வேலை முடிகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஓசூர் வந்துவிடு என்கிறாள் புவனேஸ்வரி. போகத்தான் வேண்டும். ஆனால் ஓசூரிலிருந்து திருப்பாச்சூருக்கு எத்தனை மணி நேரம் ஆகும், எத்தனை பஸ் மாற வேண்டும் என்று போன வாரம் டிரைவர் ஒருவரிடம் விசாரித்தார். ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். ஆதிகேசவன் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியை மேடைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.