ஜெயித்தது கரியன் அல்ல, எங்கள் அக்கச்சி

எங்கள் அக்கச்சிக்கு மரமடிப் பலகையில் நிற்கச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

இது பொய். இந்த வரியைச் சொன்னதுமே, எழுதிக்கொண்டிருந்த மருமகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அவன் அக்கச்சியின் மூத்த மகன்.

"மாமா, அம்மைக்க ஆண்டுத் திதிக்கு அச்சடிக்கப்போற புஸ்தகமாக்கும் இது. முதல் வரியே புளுகா?"

"எலே, நான் பலகையில ஏறினா பலகை முன்னால போவும், நான் பின்னால கிடப்பேன். அது ஊருக்கே தெரியும். தெரிஞ்ச பொய்யைச் சொன்னா பாவம் கிடையாது. எழுது."

எழுதினான். எனக்கு எழுத்து தெரியாது. பகல் முழுக்க நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் மலையாளத்தில் எழுதுகிற பையன், சாயங்காலம் எனக்காகத் தமிழில் எழுதுகிறான். ஆகையால் இதிலுள்ள நல்ல வார்த்தைகள் எல்லாம் அவனுடையவை. குழப்பங்கள் மட்டும் என்னுடையவை.

அக்கச்சி பிறந்தது குன்னத்துகாலுக்குக் கிழக்கே, வயல்கரையில் இருந்த எங்கள் ஓலைவீட்டில். எந்த வருஷம் என்று மருமகன் கேட்கிறான். பெருமழையில் வரப்பு உடைந்த வருஷம் என்று எங்கள் அம்மை சொல்லுவார். எங்கள் ஊரில் வரப்பு உடையாத வருஷம் எது என்று எனக்குத் தெரியவில்லை. போகட்டும். நான் பிறக்கும்போது அவர் இருந்தார், அதனால் எனக்கு மூத்தவர். அதில் சந்தேகம் இல்லை.

அப்பன், ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர்களான வலிய வீட்டாரின் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிரிட்டு வந்தார். நாற்று நடுமுன் உழுத சேற்றை மேடு பள்ளமில்லாமல் நிரப்பாக்க, இரண்டு மாடு பூட்டி ஒரு கனத்த பலகையை இழுக்கவைப்பார்கள். எங்கள் பக்கம் அந்தப் பலகைக்கு மரம் என்றே பேர், அந்த வேலைக்கு மரமடி என்று பேர். பலகை அழுந்துவதற்குப் பாரம் வேண்டும். கல் வைத்தால் உருண்டு போகும் என்று அப்பன் பிள்ளைகளை வைத்தார். அக்கச்சி நின்றார். நான் உருண்டேன். சேற்றுக்குள் என்னைத் தேடி எடுக்க நேரமாகிறது என்பதால், மாட்டுக்கு முன்னால் கயிறு பிடித்து ஓடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதிலும் விழுந்தேன். ஆனால் கயிறு கையில் இருந்ததால் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பலகையில் நிற்பதற்கு ஒரே ஒரு சூத்திரம்தான். பாரத்தை முன்கால் விரலில் வைத்தால் பலகை சேற்றைக் குத்தும், ஆள் பறப்பான். பின்கால் குதியில் வைத்து முழங்காலை மடக்கினால், பலகை மூக்கைத் தூக்கிக்கொண்டு சேற்று வெள்ளத்தின்மேல் வழுக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். என் காலுக்குத்தான் தெரியாது.

அக்கச்சி தாவணி உடுக்கிற வயதில் அப்பனுடைய கால் பலகைக்கு அடியில் மாட்டி நசுங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கம்பூன்றித்தான் நடந்தார். உழவும் மரமடியும் அக்கச்சியின் தலையில் விழுந்தன. பகலில் வயல், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கி அவித்து எங்களுக்குக் கொடுப்பது, அப்பனுக்கு எண்ணெய் தேய்ப்பது, என்னைத் திட்டுவது. ஒரு வேலையையும் பாக்கி வைத்தவர் இல்லை.

அந்தக் காலத்தில் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுவடை முடிந்ததும் வலிய வீட்டுப் பெரிய வயலில் மரமடிப் பந்தயம் நடக்கும். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் பெரிய பெரிய மாடுகள் வரும். வயலின் கடைசியில் ஒரு கமுகங்கம்பு நட்டு, அதில் சரிகைக் கரை போட்ட பாலராமபுரத்துக் கசவுப் புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஜெயித்தவனை வரப்பில் ஏற்றி, குத்துவிளக்கு முன்னால் நிறுத்தி, வலிய வீட்டு எஜமானான பிள்ளை அந்தப் புடவையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். அவன் வாங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, வீட்டில் உள்ளவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். அதுதான் வழக்கம்.

அப்பனால் பலகை ஏற முடியாது, என்னால் அதில் நிற்க முடியாது. எங்கள் ஜோடியில் முந்துகிற மாடு கரியனோ அக்கச்சியின் குரலுக்கல்லாமல் காலெடுத்து வைக்காது. அக்கச்சி நேராகப் பிள்ளையிடமே போய் நின்றார்.

"பெண்ணு மரமடிக்கப்படாதுன்னு விலக்கு உண்டா?"

பிள்ளை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். "ஒண்ணும் இல்ல குட்டி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அதனால யாரும் சொன்னதும் இல்ல."

அன்றைக்கு அக்கச்சி எல்லா மாடுகளையும் பின்னால் விட்டு ஜெயித்தார். வெள்ளம் இரண்டு பக்கமும் தென்னை உயரத்துக்கு எழும்பியது என்று சொல்ல ஆசைதான். மருமகன் முறைக்கிறான். ஆள் உயரம். கயிறு பிடித்து முன்னால் ஓடிய நான் பாதிவழியில் விழுந்ததால் ஜெயித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். பிள்ளை கம்பிலிருந்து புடவையை எடுத்தார். விளக்கு எரிகிறது. ஊர் கூடி நிற்கிறது. அக்கச்சி சேறு படாமலிருக்க இரண்டு கையையும் முந்தியில் துடைத்து நீட்டினார். அப்போது அம்மை அலறினார்.

"அடியே! வாங்காதே!"

அடுத்த வரப்பிலிருந்து இன்னொரு அலறல். அது பிள்ளையின் மனைவி. "ஓய்! விளக்க வச்சு ஆருக்குப் புடவை குடுக்கேரு?"

பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கல்யாணம் என்பதே அதுதான். விளக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, ஆண் புடவை கொடுப்பான், பெண் வாங்குவாள். முடிந்தது. அன்றைக்கு அந்தக் கைகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தால் பிள்ளை எனக்கு அத்தானாகியிருப்பார். பாட்டமும் தள்ளுபடியாகியிருக்கும்.

"நான் பரிசாக்கும் குடுக்கேன்" என்றார் பிள்ளை, மனைவியைப் பார்த்து.

"ஊருக்கு அது தெரியுமா?" என்றார் அவர்.

ஊருக்குத் தெரியவில்லை. கொடுத்தால் கல்யாணம், கொடுக்காவிட்டால் அநியாயம் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அக்கச்சி கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் பிள்ளைக்கு ஒரு வழி தோன்றியது. புடவையைக் கரியனின் முதுகில் போட்டுவிட்டார். கொட்டுக்காரன் கொட்டித் தீர்த்து, "கரியன் ஜெயிச்சான்!" என்று அறிவித்தான்.

 வீட்டுக்கு வந்து தொழுவில் மாட்டைக் கட்டும்போது அக்கச்சி சொன்னார். "ஓடினது கரியன். நிண்ணது ஆரு?"

நான் கரியனுக்கு வைக்கோல் போட்டேன். 

அடுத்த வருஷமும் அவரே ஜெயித்தார். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு தடவையும் புடவை கரியனின் முதுகுக்குப் போயிற்று, ஒவ்வொரு தடவையும் அதன் பேர்தான் கொட்டில் முழங்கியது. சந்தையில் பார்க்கிறவர்கள், "கரியனுக்கு எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்கள். அக்கச்சி நலமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாட்டுமேல் கிடந்த புடவையை அவர் உடுத்தியதே இல்லை. எல்லாம் அம்மை உடுத்தித் தீர்த்தார்.

ஒருதடவை பெரியவர்கள் கூடி, தம்பி வாங்கினால் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி வரப்பேறினேன். பின்னாலிருந்து யாரோ வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அக்கச்சி.

"எங்கலே போற?"

"பரிசு வாங்க."

"விழுந்ததுக்கா?"

திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு அக்கச்சிக்குக் காரக்கோணத்துப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. அத்தான் சத்தம்போட்டுப் பேசாத மனிதர். கல்யாணத்தோடு குழப்பம் தீரும் என்று நினைத்தோம். பந்தயத்துக்கு அவர் பிறந்த வீட்டுக்கு வந்து நின்றதால் அது இரண்டு மடங்காயிற்று. கட்டின பெண்ணுக்கு இன்னொருவர் புடவை கொடுத்தால் அது என்ன கணக்கு? அத்தானிடமே கேட்டார்கள்.

"நீரே குடுத்திரலாமே, உம்ம பெண்டாட்டிதானே?"

"நான் ஒருக்கா குடுத்தேன். அது கல்யாணத்துக்கு. அவ கேக்கது ஜெயிச்சதுக்கு உள்ளது. அதை நான் எப்படிக் குடுக்க?"

 இதைவிடத் தெளிவாக அந்த வயலில் யாரும் பேசியதில்லை.

அக்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். பழைய கரியன் போய், அடுத்த மாட்டுக்கும் கரியன் என்றே பேர் வைத்தோம். ஒரு வருஷம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஆனைக்குட்டிபோல இரண்டு மாடு வந்து இறங்கின. இந்தத் தடவை கரியன் தோற்கும் என்றார்கள். பந்தயத்துக்கு முன்னால் அக்கச்சி பிள்ளையிடம் போனார். நான் கயிற்றோடு கூடவே நின்றேன்.

"இந்த வருஷமாவது கையில தருவீரா?"

பிள்ளைக்கு அதற்குள் தலை நரைத்திருந்தது. "தரணும்னு எனக்கும் ஆசைதான், குட்டி. தந்தா எனக்கு வீட்டுல கஞ்சி கிட்டாது."

"அப்ப நீரு எடுக்கவே எடுக்காண்டாம். அது அங்கயே தொங்கட்டு."

பிள்ளைக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கொட்டு முழங்கியது, ஓடினோம். ஆனைக்குட்டிகள் பக்கத்திலேயே வந்தன. பாதிவழியில் நான் வழக்கம்போல விழுந்தேன். ஆனால் இந்தத் தடவை முகம் மேலே இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். வயல் முடிகிற இடத்தில் மற்றவர்கள் மாட்டை நிறுத்துவார்கள். ஆனைக்குட்டிகளை முந்தி முதலில் வந்த அக்கச்சி நிறுத்தவில்லை. கமுகங்கம்பைப் பார்த்து மாட்டைத் திருப்பினார். பலகை ஒரு ஓரத்தில் எழும்பியது. பாரத்தைப் பின்குதியில் வைத்து, ஒரு கையில் கயிறு, மறுகையைக் கம்புக்கு நீட்டி, போகிற போக்கில் புடவையை உருவிக்கொண்டு போனார். பலகை வரப்பில் ஏறி நின்றது. அவரும் நின்றார். புடவை தலைக்குமேல் இருந்தது.

கொட்டுக்காரனுக்குக் கொட்ட வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை. தோற்ற கூட்டம் சத்தம் போட்டது. "குடுக்கும் முன்ன எடுத்தது களவாக்கும்!"

பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார், அக்கச்சியைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கேரு?" என்றார் அவர். "நீரு குடுத்தீரா? இல்ல. அவ ஜெயிச்சாளா? ஜெயிச்சா. பின்ன அவளுக்க சாதனத்த அவ எடுத்தா. கொட்டச் சொல்லும்!"

கொட்டினான். எந்த வீட்டுப் பெண் ஜெயித்தாள் என்று எங்கள் வீட்டுப் பேரைச் சொல்லி முழங்கினான். கரியன் என்று சொல்லவில்லை. அக்கச்சி அழுதார் என்று அம்மை சொல்லுவார், வியர்வை என்று அத்தான் சொல்லுவார். நான் சேற்றில் கிடந்தேன், எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம்முதல், ஜெயித்தவர் ஓட்டத்திலேயே புடவையை உருவ வேண்டும் என்று பிள்ளை வழக்கத்தை மாற்றினார். எத்தனை ஆம்பிளைகள் கம்போடு சேர்ந்து விழுந்தார்கள்! எனக்குத் துணைக்கு ஆள் கிடைத்த காலம் அது. ஆனால் அக்கச்சி பந்தயத்தில் பிறகு இறங்கவில்லை.

"ஏன் அக்கா நிறுத்தினே?"

"கிட்டியாச்சு இல்லியா?"

அவ்வளவுதான். கிடைத்த பிறகுதானே எல்லோரும் இன்னும் கேட்பார்கள்? எனக்குப் புரியவே இல்லை.

நன்றி சொல்வது கடைசியில் வரவேண்டும் என்கிறான் மருமகன். கடைசிவரை நான் இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று என்ன நிச்சயம்? இப்போதே சொல்லிவிடுகிறேன். கொட்டுகிற மழையில் கஷாயத்தோடு வயல் வழியே வந்த வைத்தியருக்கும், அக்கச்சியைக் கட்டிலோடு தூக்கித் திண்டாடியவர்களுக்கும், பந்தலுக்கு ஓலை தந்த வலிய வீட்டாருக்கும், அழத் தெரியாமல் நின்ற என்னைத் தள்ளி வைத்துவிட்டு ஒழுங்காக அழுத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கும்பிடு போடுகிறது.

கர்க்கடகத்து, அதாவது ஆடி மாத, மழையில்தான் அக்கச்சிக்குக் காய்ச்சல் பிடித்தது. கால் வீங்கி, எழ முடியவில்லை. ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"லே, நான் போனா பிறந்த வீட்டுக் கோடிப் புடவை நீதானே போடணும்?"

"அதை எதுக்கு இப்பப் பேசுதே?"

"நீ வாங்காண்டாம். பெட்டியில உண்டு, நான் எடுத்தது."

"அக்கா, அது பழசாச்சே. கோடின்னா புதுசாக்கும்."

"நான் உடுக்கல்ல. உடுக்காதது புதுசுதான்."

இருந்தும் எனக்குச் சந்தேகம். பாலராமபுரம் போய் ஒன்று வாங்கி வைத்தேன். அக்கச்சி போன அன்றைக்குக் குளிப்பாட்டி முடித்து, பெரியவர்கள், "பிறந்த வீட்டுக் கோடி எங்கலே?" என்று கேட்டபோது, ஒவ்வொரு கையிலும் ஒரு புடவையோடு நின்றேன்.

"அந்தப் பழசு ஆரு குடுத்தது?"

"ஆரும் குடுக்கல்ல."

"ஆரும் குடுக்காத கோடி எங்கயாவது உண்டா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தான் சுவரோடு சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். "உண்டு. போடுலே" என்றார்.

பழைய புடவையை விரித்தேன். கசவு மங்கியிருந்தது. முந்தியில் நாலு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்த சேற்றுக்கறை. ஒரு தடவைகூடத் தண்ணீரில் நனைக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கறை அவர் கையருகே வரும்படி போட்டேன். கொடுத்தவன் நானா, எடுத்துக்கொண்டவர் அவரா என்று அப்போதும் தெரியவில்லை.

வாங்கின கோடி மிச்சமாயிற்று. அதைத் திருப்பிக் கொண்டுபோனால் ஆகாது, வீட்டில் வைத்தாலும் ஆகாது என்றார்கள். அப்போது எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. என்ன யோசனை என்றால், வயல் கடைசியில் ஒரு கமுகங்கம்பு நட்டு அதை…

"மாமா!"

வயலிலிருந்து அக்கச்சியின் மகள்.

"மாடு பூட்டியாச்சு! கயிறு பிடிக்க ஆளில்ல! வேகம் வாரும்!"

"பலகையில ஆரு நிக்கா?"

"நானாக்கும்! வேற ஆரு?"

"வாறேன் மக்களே, வாறேன்."