வார்டுக்கு வெளியே

ஆவூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டியவர் சூசைமாணிக்கம். எழுபது தாண்டியும் ஓட்டிக்கொண்டிருந்தவர், மனைவி அருளம்மாள் வாதம் வந்து விழுந்த அன்றோடு நிறுத்திவிட்டார். ஒரே மகன் ஃபிரெடி குவைத்தில் இருந்தான்; லீவு கிடைக்கவில்லை.

காப்பீட்டு அட்டையைக் காட்டி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் திரும்பவில்லை.

"அடிக்கடி பொரட்டிப் படுக்க வைங்க. இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும்" என்று சொல்லி நர்ஸ் அனுப்பிவைத்தார்.

அருளம்மாள் கனத்த உடம்பு. ஒற்றை ஆளாக சூசைமாணிக்கத்தால் புரட்ட முடியவில்லை. ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்த ஹரிணியிடம் போய் நின்றார்.

"ஒத்தாசைக்கு ஒரு ஆளு, இல்லாட்டி புண்ணு வராம இருக்க வார்டுல போடுற அந்தக் காத்து மெத்தையாச்சும் இந்த அட்டையில கெடைக்குமாம்மா?"

"வார்டுல சேத்திருந்தாத்தான் ஐயா அட்டை செல்லும். வீட்டுல வச்சுப் பாக்குறதுக்கு இதுல வழியில்லீங்க."

"இனிமே வீட்டுலதானம்மா கெடக்கப் போறா."

ஹரிணி அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மாதம் ஒருமுறை சுகாதார நர்ஸ் வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்தார். மற்ற நாளெல்லாம் சூசைமாணிக்கம்தான். கஞ்சி ஊட்டினார், துணி மாற்றினார், தலை பின்னக்கூடப் பழகிக்கொண்டார். பக்கத்து வீட்டு பிளெஸ்ஸி முந்திரிக் காட்டு வேலைக்குப் போகாத நாளில் வந்து ஒரு பக்கம் பிடிப்பாள்.

அடைமழையில் சூசைமாணிக்கம் காய்ச்சல் கண்டு சில நாள் படுத்துவிட்டார்; மனைவியைப் புரட்ட ஆளில்லை. எழுந்து பார்த்தபோது அருளம்மாளின் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்திருந்தது. புண் எலும்புவரை இறங்கிய பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. இப்போது அட்டை செல்லுபடியானது. அன்றைக்கே அனுமதி வாங்கிக் கொடுத்தாள் ஹரிணி. ஆபரேஷன் நடந்தது. காற்று மெத்தை போட்டார்கள். நர்சுகள் இரண்டு பேராக வந்து புரட்டினார்கள். பல வாரங்களுக்குப் பிறகு சூசைமாணிக்கம் அசந்து தூங்கினார்.

"ஏங்க, இங்கனயே இருந்துருவமா?" என்று குழறிக் கேட்டாள் அருளம்மாள்.

"இருப்பம்" என்றார்.

புண் ஆறத் தொடங்கியதும் டிஸ்சார்ஜ் ஆனது. மெத்தை வார்டோடு நின்றது. வீட்டில் கம்பளியை மடித்துப் போட்டார். ஈஸ்டருக்கு முன்பு இன்னொரு புண். அது சீழ்பிடித்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்கு ஃபிரெடி வந்துவிட்டான். அதற்கு லீவு கொடுத்தார்கள்.

"அம்மாவ நல்லாப் பாத்துக்கிட்டீங்கப்பா."

"அவளுக்கு ரொம்ப வலிச்சுச்சுடா" என்றார்.