லோர்னா போன் போடும் இடம்

ஆல்டர் க்ரீக் நகர மன்றத்தில் லோர்னா பிக்கெட் இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். மேயர்கள் ஆறு பேர் வந்து போய்விட்டார்கள். என்ன சட்டச் சிக்கல் வந்தாலும் யாருக்கோ போன் போடுவாள். பத்து நிமிடத்தில் பதிலோடு வருவாள். யாருக்கு என்று கேட்டால் சிரிப்பாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனான எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சென்ற செவ்வாய்க்கிழமை, மாநிலத்து ஊர் மன்றங்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் மாநில நகரங்கள் சங்கத்திலிருந்து எங்கள் ஊர் விலக வேண்டும் என்று உறுப்பினர் வெர்ன் ஸ்டாடர்ட் தீர்மானம் கொண்டுவந்தார்.

"தலைநகர்ல உக்காந்து நமக்காகப் பேசுறாங்களாம்! நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவங்களால நமக்கு என்ன பிரயோஜனம்?"

மேயர் தீர்மானத் தாளைப் புரட்டினார். "சட்டப்படி ஒரு குறைகூட இல்லையே வெர்ன்! யார் எழுதினது?"

"லோர்னாதான். காலையில சொன்னேன், மத்தியானமே கையில குடுத்துட்டாங்க. நமக்கு இவங்க ஒருத்தர் போதும், சங்கம் எதுக்கு?"

லோர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் எங்க எழுதினேன்? எப்படி விலகுறதுன்னு சங்கத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். எப்பவும் அவங்களைத்தானே கேப்பேன்? மாதிரித் தீர்மானம் ஒண்ணு அனுப்பினாங்க, ஊர் பேரை மட்டும் போட்டேன். ஏதாவது திருத்தணுமா வெர்ன்? சொல்லுங்க, அவங்களையே கேட்டுச் சொல்றேன்."