செலெஸ்தினின் மூன்று மனுக்கள்

செலெஸ்தின் எங்கள் வீட்டு முன்வாசல் வழியாக ஒருநாளும் வந்ததில்லை. பக்கவாட்டில் இருந்த அடுப்படிக் கதவைக் காலால் தட்டுவாள். தலையில் சலவை மூட்டை இருக்கும். அதை இறக்கி வைக்கவும் மாட்டாள்.

"நியூ ஆர்லியன்ஸ் கன்னியாஸ்திரீங்க கிட்ட ரெண்டு பாஷை படிச்சியாமே, மாம்செல். ரெண்டுல ஒண்ணாவது உருப்படியா எழுத வருமா?" இதுதான் அவள் என்னிடம் முதன்முதலில் பேசியது; 'மாம்செல்' என்ற பிரெஞ்சு 'செல்வி'யில் கேலி இருந்தது.

எனக்கு அப்போது இருபத்தோரு வயது. அடிமைகளுக்கு விடுதலை வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பம் அதற்கு முன்பே அடிமைத்தளை இல்லாத கறுப்புக் கலப்புக் குடும்பம். அவளோ கரும்புத் தோட்டத்தில் இரண்டு முறை விற்கப்பட்டவள். எங்களைப் போன்றவர்களை அவளுக்குப் பிடிக்காது. அவளைப் போன்றவர்களை என் அம்மாவுக்குப் பிடிக்காது. இருவரும் அதை மறைத்துப் பழகவில்லை.

அவள் வந்த காரியம் அவள் கணவன் வால்சின். துசே என்ற தோட்ட முதலாளியின் பன்றியைக் கொன்றதாக அவனுக்கு இரண்டு வருடத் தண்டனை விழுந்திருந்தது. பன்றி வால்சினுடையது. அதன் காதில் அவன் வெட்டிய அடையாளம் இருந்தது. ஆனால் அந்தக் காது நீதிமன்றத்துக்கு வரவில்லை. பன்றியின் தலையை துசே வீட்டில் முன்தினமே சமைத்துத் தின்றுவிட்டார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதி பெல்லோக், துசேயின் மைத்துனர்.

கைதிகளை ஆற்றங்கரை கட்டும் குத்தகைக்காரரிடம் விட்டுவிடுவார்கள். காலில் சங்கிலியோடு இடுப்பளவு நீரில் வேலை. போன கோடையில் எங்கள் பக்கத்திலிருந்து போன ஒன்பது பேரில் நால்வர்தான் திரும்பினார்கள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள அந்த ஆளு வீட்டுக்கு வரணும். கவர்னர் ஒரு வரி எழுதினா விட்ருவாங்களாம். அவரு நம்ம ஓட்டுல வந்த மனுஷன்தானே. எழுது."

எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். 'தங்கள் பணிவுள்ள விண்ணப்பதாரர்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"பணிவா? யாரு பணிஞ்சா?"

"அப்படித்தான் எழுதணும்."

"ஜட்ஜ் திருடன்னு எங்க இருக்கு?"

"ஒருதலைப்பட்சமா நடந்துக்கிட்டார்னு இருக்கு."

"அது உங்க ஜனங்களோட பாஷை. திருடன்னு போடு."

நான் போடவில்லை. போட்டேன் என்று சொன்னேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள் என்றே இன்றும் நினைக்கிறேன். என்னை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தின் பின்புறம் பெயர் சேர்த்தோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதுபவர் பேனாவைப் பிடித்திருப்பார். பெயருக்குரியவர் பேனாவின் மேல்நுனியை விரலால் தொடுவார். விரல் பட்டிருக்கும்போதே எழுதுபவர் சிலுவைக் குறி போடுவார். அருகே சாட்சிகள் தங்கள் பெயரை எழுதுவார்கள். விரல் பட்டால்தான் அது அவருடைய வாக்கு. படாவிட்டால் வெறும் கோடு.

செலெஸ்தின் வரிசையை ஆட்டு மந்தை போல நெருக்கினாள். "நல்லா அழுத்தித் தொடு. சுடவா போகுது? உன் பொண்டாட்டியத் தொடுறப்ப மட்டும் கை நீளுதுல்ல?" உர்சின் என்ற பீப்பாய்த் தச்சர் சிரித்துக்கொண்டே சாட்சியாகத் தன் பெயரை எழுதினார். பாடகர் குழு மூத்தவர் இன்னொரு சாட்சி. என் பெயர் எங்கும் இல்லை. அப்பா வெள்ளையர் வீடுகளுக்குச் செருப்புத் தைப்பவர். அதனால் வேண்டாம் என்று நானே தீர்மானித்திருந்தேன்.

நாற்பத்து மூன்று பேர். பெயர் கூடக் கூட மனுவுக்குக் கனம் கூடும் என்று எல்லோரும் நம்பினோம். யார் எந்தத் தோட்டத்தில் குடியிருக்கிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம். ஆளுநருக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று.

மனுக்கள் தலைநகரில் என்ன ஆகும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏழு வாரம் கழித்து அது திரும்பி வந்தது, நீதிபதி பெல்லோக்கின் மேசைக்கு. பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'உள்ளூர் நீதிபதியின் அறிக்கைக்காக'. எந்த மனுவையும் அப்படித்தான் அனுப்புவார்களாம். யார் மேல் புகாரோ அவரிடமே.

சனிக்கிழமை, சந்தைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால், நீதிமன்றப் படியில் நின்று நாற்பத்து மூன்று பெயர்களையும் அவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். தோட்டத்தின் பெயரோடு. அடுத்த வாரத்துக்குள் தோட்ட முதலாளிகள் ஏழு குடும்பங்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றினார்கள். உர்சினின் குடும்பம் அதில் ஒன்று.

ஓடைக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த செலெஸ்தினிடம் உர்சின் வந்தார். நான் எங்கள் துணியை வாங்கப் போயிருந்தேன்.

"உன் புருஷன் ஒருத்தனுக்காக ஏழு வீட்டுல அடுப்பு அணைஞ்சு போச்சுடி."

"நானா அணைச்சேன்? போய் அந்த ஜட்ஜ் வாசல்ல கத்து."

"அழுத்தித் தொடுன்னு சொன்னது நீதானே?"

"நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தானே, உர்சின். ஒன்ன யாரு பேரு போடச் சொன்னா?"

அவர் சோப்புத் தண்ணீர் வாளியை எட்டி உதைத்துவிட்டுப் போனார். அவள் வெள்ளைத் துணிகளைச் சேற்றிலிருந்து பொறுக்கி மறுபடி முதலிலிருந்து துவைத்தாள். என்னைப் பார்த்து, "வேடிக்கை பாத்தது போதும்" என்றாள்.

ஏப்ரல் பிறந்தது. நீதிபதி அவளைக் கூப்பிட்டனுப்பினார். மனுவை எழுதியவளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார். கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறையில் துசேயும் ஒரு குமாஸ்தாவும் சாட்சிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் புருஷன விடலாம்னு நானே கவர்னருக்கு எழுதறேன்" என்றார். "பதிலுக்கு ஒரு காகிதம் வேணும். முதல் மனு பொய், அந்த ஜனங்கள நீதான் ஏமாத்தித் தொட வச்சேன்னு. இந்தப் பொண்ணு எழுதட்டும். போன தடவ அழகா எழுதியிருந்தா."

"இல்லேன்னா, ஐயா?"

"இல்லேன்னா ஒண்ணுமில்ல. கோடை வரும், அவ்வளவுதான்."

துசே சிரித்தார். செலெஸ்தின் அவரைப் பார்த்து, "பன்னித் தலை ருசியா இருந்துச்சா, மிஸ்யே?" என்றாள். சிரிப்பு நின்றது. நீதிபதி என் பக்கம் காகிதத்தைத் தள்ளினார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் பேனாவை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். அவள் விரலை நீட்டினாள்.

விரல் பேனாவில் படவில்லை. ஓர் அரிசி மணி அளவு மேலே நின்றது. நீதிபதி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் தாழ்கிறதா என்று பார்ப்பதில்தான் அவருக்கு விருப்பம். சாட்சிகள் இருவரும் நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காத்திருந்தேன். விரல் இறங்கவில்லை.

"போடு, மாம்செல்" என்றாள்.

சிலுவைக் குறியைப் போட்டேன்.

வெளியே வந்து பாலம் தாண்டினோம். பிறகு, "நான் தொடல" என்றாள்.

"தெரியும்."

"அப்ப அது உன்னுது. நீயே வச்சுக்க."

அந்தச் சனிக்கிழமை அந்தக் காகிதமும் படியில் நின்று படிக்கப்பட்டது. எங்களை ஏமாற்றினாள் என்று அவளே ஒப்புக்கொண்டாள் என ஊர் பேசியது. தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. எங்கள் ஆட்கள் கொடுத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சச் சலவையும் நின்றது. உர்சினின் மனைவி அவள் நடந்த பாதையில் காறித் துப்பினாள். தொடவில்லை என்று செலெஸ்தின் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது மாலைக்குள் நீதிபதியின் காதுக்குப் போயிருக்கும். வால்சின் வரமாட்டான். அதனால் அவள் திட்டு வாங்கினாள், திருப்பித் திட்டினாள், அதை மட்டும் சொல்லவில்லை.

மே கடைசியில் வால்சின் வந்தான். இரண்டு கால்விரல்கள் இல்லை. இருமல் இருந்தது. உயிரோடு இருந்தான்.

"இப்ப எல்லார்கிட்டயும் சொல்லலாமே" என்றேன்.

"யாரு நம்புவா? நீ சாட்சி சொல்ல வருவியா?"

நான் வால்சினின் இருமலைப் பற்றிக் கேட்டேன். வேறு எதையும் அவள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்டில் மறுபடியும் அடுப்படிக் கதவைக் காலால் தட்டினாள். "ஏழு வீட்டையும் காலி பண்ணது தப்புன்னு கவர்னருக்கு எழுது. ரெண்டாவது காகிதம் என் விரல் படாத காகிதம்னும் எழுது. திருடன்னும் போடு. இந்தத் தடவ ஏமாத்தாத."

"இதுவும் ஜட்ஜ் கிட்டதான் திரும்பி வரும்."

"வரட்டும். படிக்க ஒரே ஒரு பேருதான் இருக்கும்."

'திருடன்' என்று எழுதினேன். பேனாவை நீட்டியதும் மேல்நுனியில் அவள் விரலை வைத்து அழுத்திய அழுத்தில் முள் விரிந்து, சிலுவையின் மேல் மை கொட்டியது. துடைக்கப் போனேன். "விடு" என்றாள். பிறகு அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள்.

"சாட்சின்னு ஒரு எடம் உண்டே. யாரு அது?"

உள்ளறையில் அம்மா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் எழுதினேன்.

"என்ன எழுதின?"

"என் பேரு."

"படி."

என் முழுப் பெயரையும் படித்தேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் போல என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு மூட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அக்டோபரில் அது திரும்பி வந்தது. சனிக்கிழமை நீதிபதி படிக்கட்டில் வந்து நின்றபோது, கூட்டத்தின் முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். நடுவே இரண்டு ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டிருந்தாள்.