கடைசிக் குலை

கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயிலின் வரலாற்றை எழுதியவன் நான். வழவழப்பான தாள், பின்னட்டையில் என் படம். அந்தப் புத்தகத்தை இன்று யாராவது கையில் எடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் பங்குத் தந்தை என்னைப் பிடித்தார். நான் எப்போதோ வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டேன். அம்மா மட்டும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய வீட்டை விட்டு வரவில்லை, கண்பார்வை போன பிறகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போய் அவரைப் பூசைக்குக் கூட்டிப்போவேன்.

எழுதத் தொடங்கியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒல்லாந்தர் பூசையைத் தடைசெய்த காலத்தில் கோவாவிலிருந்து ஒளிந்து வந்த குருமார், அவர்கள் போட்ட ஓலைக்கொட்டில், பிறகு எழுந்த கற்கோயில் என்று அளந்து தள்ளினேன். இருபுறமும் சுருண்டு இறங்கும் முகப்புச் சுவருக்கே மூன்று பக்கம். பரோக், பரோக் என்று எத்தனை தடவை எழுதினேனோ! நேர்கோட்டைக் கண்டாலே ஆகாத கட்டடக்கலை அது. பீடத்தின் தூண்கள்கூடத் துணி பிழிந்ததுபோல முறுகித்தான் மேலே போகும். அவற்றைச் சுற்றித் திராட்சைக் கொடி, குலைகள், பொன் பூச்சு.

இடப்பக்கத் தூணின் கடைசிக் குலை மட்டும் மரமில்லை, சிமெந்து. அதைச் செய்தவர் அம்மாவின் அப்பா, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கூரை ஒழுகித் தூணின் அடி உக்கி விழுந்தபோது, தானே சிமெந்து குழைத்துப் பழம் பழமாக உருட்டி ஒட்டியிருக்கிறார். தண்ணீர் அள்ளிக் கொடுத்தது சிறுமியாக இருந்த அம்மா. அதில் ஒரு பழம் பெரிது. அவருடைய பெருவிரல் அழுந்திய குழி அதில் இருக்கிறது. மற்றவர்கள் புனிதர்களின் சுரூபங்களைத் தொட்டு முத்தி செய்வார்கள். அம்மா பூசை முடிந்ததும் நேராகப் போய் அந்தக் குழியில் விரலை வைத்து, விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார்.

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், 'தூண்கள் முழுவதும் தேக்கு. கோவாச் சிற்பிகளின் கைவண்ணம். பக்தர்களின் விரல் பட்டுத் தேய்ந்து வருகின்றன' என்று எழுதினேன். சிமெந்து என்ற சொல் அந்தப் பந்தியில் பொருந்தவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். நான் மூட்டை தூக்கியவரின் பேரன் என்று வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

புத்தகத்தைப் படித்த கோயில் கமிட்டி பதறிப்போனது. பீடத்துக்கு முன்னால் இடுப்பளவுக்குப் பளபளவென்று ஒரு கம்பி வேலி போட்டார்கள். மும்மொழியிலும் ஒரு பலகை. அதன் தமிழையும் என்னிடமே எழுதி வாங்கினார்கள். எங்கே மாட்டப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அம்மா வழக்கம்போலப் போனார். கம்பி வயிற்றில் இடித்தது.

"என்னடா இது?"

"கம்பி போட்டிருக்காங்கம்மா. தொடக் கூடாதாம்."

"போர்டு ஏதும் இருக்கா? படி."

படித்தேன். "கோவாச் சிற்பிகளின் அரிய படைப்பு. தயவுசெய்து தொடாதீர்கள்."

அம்மா கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "யாரு எழுதுனது இத?" என்று கேட்டார்.

"கமிட்டி."

"பாவம், அவங்களுக்கு வெவரம் தெரியல. நீ படிச்சவன், நீ சொன்னா கேப்பாங்க. அது எங்கப்பா செஞ்சதுன்னு சொல்லு."

"சொல்றேம்மா."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் "சொன்னியா?" என்று கேட்பார். ஃபாதர் ஊரில் இல்லை, கமிட்டி கூடவில்லை என்று ஏதாவது அளப்பேன். அவர் கம்பிக்கு மேலால் கையை நீட்டிப் பார்ப்பார். ஒரு சாண் எட்டாது.

ஒரு நாள் நான் அம்மாவின் வீட்டில் இருக்கும்போது பங்குத் தந்தை டெலிபோனில் கோல் எடுத்தார். "மாஸ்டர், புத்தகமெல்லாம் வித்து முடிஞ்சுது. திரும்ப அடிக்கப் போறம். ஏதும் மாத்த இருக்கோ?"

அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

"இல்லை ஃபாதர், எல்லாம் சரி."

நான் உள்ளே வந்ததும் அம்மா, "யாருடா, ஃபாதரா?" என்றார். "சொன்னியா?"

"சொல்லிட்டேம்மா."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்க்க முடியாமல் தேநீர் போடப் போனேன்.

ஞாயிறு வந்தது. அம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தார். பூசை முடிந்ததும் என் கையை விட்டுவிட்டுத் தானே முன்னால் போனார். கம்பி இடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"வா, போகலாம்" என்றார்.

சாகும்வரை அம்மா என்னிடம் 'சொன்னியா' என்று கேட்கவே இல்லை.