பாதி ஆட்டத்தில் வந்தவர்

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முந்தினதைப் பிந்தியும் பிந்தினதை முந்தியும் சொல்லிப்போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ. இப்போது எனக்கு முன்னால் ஒரு பால்மாத் தகர ரின் இருக்கிறது. அதற்குள், லேஞ்சித் துணியில் சுற்றினபடி, என் அண்ணனுடைய ட்ரம்பெட்டின் வாய்த்துண்டு. வெள்ளிப்பூச்சுப் போய், விளிம்பில் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது.

ட்ரம்பெட் கோயிலுடையது. வாசித்து முடிந்ததும் சுவாமியாரின் அலுமாரிக்குள் போய்விடும். வாயில் வைத்து ஊதுகிற இந்தத் துண்டு மட்டும் அண்ணனுக்குச் சொந்தம். வேறு ஒருவரும் வாய் வைக்கக்கூடாதென்று, கடலுக்குப் போனாலும் மடியில் கட்டிக்கொண்டுதான் போவார். கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த பாண்ட் மாஸ்டர் அவருக்கும் அதைப் பழக்கியிருந்தார். நேராகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டை அண்ணன் திடீரென்று வளைத்து, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் இழுப்பார். "பூசைக்கு வாசிக்கிற குழலிலை என்னடா கூத்து?" என்று அம்மா ஏசுவா. "மாதா ஒண்டும் சொல்லேல்லை, நீங்கள்தான் சத்தம் போடுறியள்" என்பார்.

உதைபந்தாட்டத்திலும் அவரைப் பிடிக்க ஆளில்லை. சம்பளம் கொடுத்து விளையாட வைக்கிற கொழும்புக் கழகம் ஒன்றிலிருந்து அவருடைய ஆட்டத்தைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. பகலில் பந்து, இரவில் ஏதாவதொரு ஹோட்டலில் ஜாஸ். அதைத் தவிர அண்ணன் வேறொன்றுக்கும் ஆசைப்பட்டு நான் காணவில்லை.

அந்த ஆட்டம் நடக்க இருந்த வாரம்தான் கடலுக்குப் போன என் மனுசன் திரும்பி வரவில்லை. அண்ணனும் வள்ளமெடுத்துத் தேடினார். ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றவரை, "கடலைப் பாத்துக்கொண்டு நிண்டா மருமோன் வந்திடுவாரோ? போடா, போய் விளையாடு" என்று அம்மாதான் அனுப்பினவ. அவர் போன பிறகு ஓலைத்தொடுவாய்க் கரையில் உடம்பு ஒதுங்கியது. தண்ணீருக்குள் கிடந்த உடம்பு, வைத்திருக்க ஏலாது. அன்று பின்னேரமே அடக்கம். "ஆட்டம் முடியுமட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று அம்மா எல்லாரையும் கும்பிட்டுக் கேட்டவ.

ஆனால் சவத்துக்கு முன்னால் கோயில் பாண்ட் வாசிக்க வேண்டும், துண்டு இல்லாமல் ட்ரம்பெட் ஊதாது; அதுவோ அண்ணன் மடியில். மாஸ்டர் மைதானத்துக்கு ஓர் ஆளை அனுப்பினார். இடைவேளையில் அந்த ஆள், "வாய்த்துண்டை ஒருக்காத் தாரும் தம்பி, மாஸ்டர் கேட்டவர். நீர் விளையாடும்" என்றாராம். யாருக்கு என்று அண்ணன் கேட்கவில்லையாம். துண்டைக் கொடுக்கவும் இல்லையாம்.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மணல் அப்பின விளையாட்டு ஜேசியோடு, முழங்காலில் இரத்தம் காயாமல் வந்து நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை. அந்தக் கோலத்திலேயே சவக்காலைக் குழி வரைக்கும் முன்னுக்கு ஊதிக்கொண்டு நடந்தார். பெட்டியை இறக்கும்போது மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. அண்ணன் மட்டும் கடைசிச் சுரத்தை அந்த ஜாஸ் வளைவில் இழுத்தார். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. சுவாமியாரும் தீர்த்தத்தைக் கையில் வைத்தபடி, அது முடியுமட்டும் காத்து நின்றார்.

கொழும்பார் பிறகு வரவேயில்லை. சண்டைதான் வந்தது. இந்தியாவில் முகாமில் இருந்தபோது, ஊதுவதற்கு ட்ரம்பெட் இல்லாமலே இந்தத் துண்டு அவர் மடியில் கிடந்தது. அங்கேதான் ஒருநாள் கேட்டேன், "என்னாலைதானே அண்ணை எல்லாம் போச்சு?" என்று. "போடி விசரி. அண்டைக்கு நான் ஆடின ஆட்டத்துக்குக் கொழும்புக்கு என்ன, பக்கத்துப் பாப்பாமோட்டைக்கும் கூப்பிட்டிருக்க மாட்டாங்கள்" என்று சிரித்தார்.

ஊருக்குத் திரும்பின பிறகு, போன மாரியில் அண்ணன் மோசம் போனார். இப்போது பாண்டில் பிள்ளைகள் எல்லாரிடமும் சொந்த ட்ரம்பெட் இருக்கிறது. இந்தத் துண்டை ஒருவரும் கேட்டு வரவில்லை. அண்ணனை அடக்கின அன்று சவக்காலையில், முந்தி அவரோடு விளையாடின ஒருவர் என்னருகே வந்து, "முதல் பாதியிலை ரெண்டு கோலும் அவர்தான் அக்கா. கொழும்பார் எழும்பி நிண்டு கை தட்டினவங்கள்" என்றார். பக்கத்தில் நின்றவர், "சும்மா அளக்காதை, ஒண்டுதான்" என்றார்.

எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் உடம்புக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்று அந்த மைதானத்தில் நின்றவர் எவரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து விசாரித்துச் சரியானதைச் சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் அண்ணன் சொன்னதை நம்பினமாதிரியே இருந்துவிட்டேன். அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்த பிறகுதான் இந்த ரின்னை மூடுவேன்.