ஃபிராவ் கெல்லர் வீட்டு எண்ணெய்த் தாங்கி

உருத்திரமூர்த்தி அண்ணையைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தபோது வளர்த்த மீசை. பருத்தித்துறை ரோட்டில் டிக்கெட் கிழித்த கதைகளைச் சொல்லிச் சொல்லி, ஜெர்மன் பேசும் ஷ்லீரன் ஊரில் எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடமாக்கியிருந்தார். எண்பத்து நான்கில் அகதியாக வந்தவரிடம் பெட்டி இல்லை, காலில் நல்ல சப்பாத்து இல்லை. மீசை மட்டும் ஒரு மயிர் குறையாமல் வந்திருந்தது.

பழைய வீடுகளின் நிலவறைகளில் கிடக்கும் எண்ணெய்த் தாங்கிகளை அகற்றுவது எங்கள் வேலை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் நிரப்பும் பெரிய இரும்புத் தாங்கிகள். அண்ணை ஒல்லி என்பதால் தாங்கியின் வாய்க்குள் நுழைந்து இறங்குவது அவர்தான். அடியில் கிடக்கும் கறுப்புச் சேற்றை வழித்தெடுத்து, சுவர்களைத் துடைத்து, வாயு போன பிறகுதான் இரும்பை வெட்டலாம். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் மேலே நிற்பேன். நான் ஒருதரம் இழுத்தால் அவரும் ஒருதரம் இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் ஆள் மயங்கிவிட்டார் என்று அர்த்தம்.

முதலாளிக்கு அந்த மீசை கண்ணில் விழுந்த தூசி. மீசைக்காரனின் முகத்தில் முகமூடி சரியாக ஒட்டாது, இடுக்கால் வாயு புகும், வழித்துவிட்டு வா என்று ஒவ்வொரு நாளும் சண்டை. அண்ணை மீசையில் வாஸ்லீனை அப்பிக்கொண்டு சமாளிப்பார்.

“அப்பா செத்தாப்போலை வழிச்சது. இனி அம்மா இருக்குமட்டும் இதிலை கத்தி படாது. அந்தாளுக்கு விளங்கப்படுத்தடா,” என்பார் என்னிடம்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் இதை எப்படி விளங்கப்படுத்துவது? அழகுக்காக வைத்திருக்கிறார் என்றேன். முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

எண்பத்தாறு ஐப்பசியில் ஃபிராவ் கெல்லர் என்ற விதவையின் வீட்டுக்குப் போனோம். எண்ணெயை விட்டுவிட்டு காஸுக்கு மாறப்போகிறார். வேலை முடியும்வரை வீட்டில் சூடு இல்லை. தன் குசினியில் அடுப்பருகிலேயே மேலங்கியைப் போட்டுக்கொண்டு திரிந்தார் மனுஷி. ஆனாலும் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தர மறந்ததில்லை.

முதல் நாளே குகநாதன் வந்து நின்றான். எங்களோடு ஒரே அறையில் இருந்தவன். அவன் முகத்தைக் கண்டதும் நான் கயிற்றை இழுத்தேன். அண்ணை தாங்கியின் வாயால் தலையை நீட்டி முகமூடியைக் கழற்றினார்.

“அண்ணை, கொழும்பிலை இருந்து உங்கடை தங்கச்சி, எங்கடை அறை வீட்டுக்காரரின்ரை போனுக்கு எடுத்தவ,” என்று குகநாதன் சுவரைப் பார்த்துச் சொன்னான். “அங்கை அம்மாவுக்குக் கடுமையாம். உங்களை உடனை போன் எடுக்கட்டாம்.”

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம். சாவுச் செய்தியை நேரே சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்பார்கள். பிறகு கடுமை என்பார்கள். ஆள் தாங்குவான் என்று கண்ட பிறகுதான் உண்மையை அவிழ்ப்பார்கள். எங்கள் அறைக்குக் கடுமை என்று வந்த செய்தி எதுவும் அதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை. குகநாதனும் சுவரைப் பார்த்துக்கொண்டல்லவா சொன்னான்.

அண்ணை முகமூடியைத் தாங்கியின் விளிம்பில் வைத்தார். “அப்பாவுக்கும் கடுமை எண்டுதான் கூப்பிட்டவங்கள். போய்ப் பாத்தால் வாசல் முத்தத்திலை செத்தவீட்டுப் பந்தல்.”

குகநாதனைக் கீழே கூட்டிவந்து நின்ற ஃபிராவ் கெல்லர் விஷயத்தை ஊகித்துக்கொண்டு, மேலே போன் இருக்கிறது, எடுத்துக் கதைக்கச் சொல் என்றார். படியேறினால் நடையிலேயே இருந்தது. நான் அண்ணையிடம் சொன்னேன்.

“செத்தவீட்டுக்கு எடுத்து ஆரோடை கதைக்கிறது? தங்கச்சி குழறுறதைக் கேக்கவோ? எல்லாம் முடியட்டும். ஞாயிறு எடுப்பம்.”

போகவும் வழியில்லை. அகதி வழக்கு முடியவில்லை, பாஸ்போர்ட் பொலிஸிடம். முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் உள்ளே இறங்கிவிட்டார். நான் இழுத்தேன். பதிலுக்கு ஒருதரம் இழுத்தார். அதன் பிறகு நான் இழுக்காமலேயே கயிறு என் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் மீசையை வழித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் தலை முழுகினார். ஜாம் போத்தல் மூடியில் ஒரு திரி ஏற்றினோம். மீசையில்லாத அந்த முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை முதலாளி அவரைக் கண்டதும் சந்தோஷத்தில் தோளில் தட்டினார். “கடைசியில் புத்தி வந்துவிட்டதே!” என்றார். முகமூடியும் கச்சிதமாக ஒட்டியது. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த ஸ்பானரை எறிந்திருப்பேன். ஆனால் அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? அண்ணை தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

அதற்கடுத்த நாள் தாங்கியை வெட்டி, துண்டுகளைப் படியால் சுமந்துகொண்டிருந்தோம். குகநாதன் ஓடி வந்தான். இந்தமுறை சுவரைப் பார்க்கவில்லை.

“அண்ணை, அம்மா இண்டைக்கு விடியத்தான் செத்தவவாம்!”

எங்களுக்கு விளங்கவில்லை.

“அண்டைக்கு உண்மையிலேயே கடுமையாத்தான் இருந்தவவாம் அண்ணை. உங்கடை குரலைக் கேக்கவேணும் எண்டு கட்டிலைப் போனடிக்கு இழுத்துப் போடுவிச்சவவாம். மணி அடிக்க அடிக்க, தம்பியோ, தம்பியோ எண்டு உங்களைத்தான் கேட்டவவாம். தங்கச்சிக்குத் திருப்பி எடுக்க லைன் கிடைக்கேல்லையாம்.”

அண்ணை இரும்புத் துண்டைக் கீழே வைத்தார். கை தானாக மேலுதட்டுக்குப் போய்த் தடவியது.

“உயிரோடை இருந்தவளுக்கெல்லோ வழிச்சுப்போட்டன். இனி எதையடா வழிக்கிறது?”

என்னிடம்தான் கேட்டார். நெஞ்சு வெடித்துவிடக் கூடாதென்று செய்திகளைப் பொத்திப் பொத்தி வைக்கும் எங்கள் சனத்தின் மேல் அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் படியேறிப் போனார். ஃபிராவ் கெல்லர் போனை அவர் பக்கம் தள்ளி வைத்தார். அண்ணை கறுத்த விரலால் நம்பரைச் சுழற்றினார். மூன்று நாலு தரம் சுழற்றிய பிறகுதான் லைன் கிடைத்தது. தங்கச்சி குழறுவது படியில் நின்ற எங்களுக்கே கேட்டது.

“அழாதை. அம்மாவை எடுத்திட்டினமோ?”

இன்னும் எடுக்கவில்லை போலும்.

“அப்ப போனை அம்மாவின்ரை காதடியிலை பிடி.”

சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பக்கத்து அழுகை தூரப் போயிற்று.

“அம்மா, தம்பி கதைக்கிறன்,” என்றார்.